டயரின் பக்கச்சுவரில் ஒரு வரலாறு



எங்கள் பள்ளியின் விளையாட்டுப் போட்டி நாளன்று முன்னாள் மாணவர் ஒருவர் வந்திருந்தார். ஆறாம் ஆண்டில் என்னிடம் கணிதம் பயின்றவர். அவர் ஓட்டி வந்தது மஸ்டா எம்எக்ஸ்-5 என்னும் ஸ்போர்ட்ஸ் கார். 1989இல் வெளிவந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தது. இரண்டே இருக்கைகள், மூடித் திறக்கும் கண்களைப் போன்ற முன்விளக்குகள். பழைய வண்டியை வாங்கிச் செப்பனிட்டிருந்தார். ஆனால், புதிதாக மாட்டிய டயர்கள் திருப்பங்களில் உரசுகின்றன என்று குறைப்பட்டுக் கொண்டார்.

குனிந்து பார்த்தேன். 205/50 ஆர் 16 என்றிருந்தது. அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது அதற்கிருந்த அளவு 185/60 ஆர் 14.

“அகலமான டயர்தானே ஐயா நல்லது? பிடிமானம் கூடுமே?” என்று கேட்டார். அன்று பரிசளிப்புக்கு நேரமாகிவிட்டதால் சுருக்கமாகவே பதில் கூறினேன். விரிவான பதிலை இங்கே எழுதுகிறேன். அதற்கு வேறொரு காரின் வரலாறு தேவைப்படுகிறது.

முதலில் அந்த எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் இத்தனை விழுக்காடு என்று பொருள். கடைசி எண் ரிம்மின் விட்டம். அது மட்டும் அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் விழுக்காடும் அங்குலமும் கலந்து நிற்கின்றன! மாணவர் எவரேனும் விடைத்தாளில் இப்படி எழுதினால் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பேன். ஆனால், இந்தக் கலப்படத்துக்கும் ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. ரிம் அளவு பழைய ஆங்கிலேய, அமெரிக்க வழக்கிலிருந்து வந்தது. அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கும் வழக்கம் ஐரோப்பாவின் ரேடியல் டயரோடு வேரூன்றியது.

காற்றடைத்த டயரின் தோற்றம் பலரும் அறிந்ததே. ஜான் பாய்ட் டன்லப் 1888இல் பெல்பாஸ்ட் நகரில் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதைச் செய்தார். அவருக்கு முன்பே, 1845இல், ராபர்ட் வில்லியம் தாம்சன் அதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது பலரும் அறியாதது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக டயரின் உள்ளிருந்த நூலடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் சாய்ந்திருந்தன. மிசெலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்று 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டயரில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நேராகச் சென்றன. அவற்றின்மேல் எஃகுக் கம்பிப் பட்டை ஒன்று இறுக்கிப் பிடித்தது. ‘ஆர்’ என்னும் எழுத்து குறிப்பது இந்த ரேடியல் அமைப்பைத்தான். பக்கச்சுவர் வளைந்து கொடுத்தாலும் சாலையைத் தொடும் பகுதி மடங்காமல் படிந்து நின்றது. ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இது பெரும் பேறு.

இனி, நான் சொல்ல வந்த கார். ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1963இல் பிராங்பர்ட் கண்காட்சியில் காட்டி, 1964 முதல் விற்ற 911.

இதன் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் அமைந்தது. எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு பின்சக்கரங்களின்மேல் விழுந்தது. பால்மரக்காட்டில் காண்டாவாளி சுமந்தவர்களைப் பார்த்திருப்போருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பின்வாளியில் மட்டும் பால் நிறைந்திருந்தால் திருப்பத்தில் அது தோளை வெளிப்புறமாக இழுத்துச் செல்லும். 911இலும் அதே கதைதான். வளைவின் நடுவே அச்சங்கொண்டு ஓட்டுநர் எண்ணெய் மிதியிலிருந்து திடீரெனக் காலை எடுத்தால் எடை முன்னோக்கிச் சாயும், பின்சக்கரங்கள் பிடியை இழக்கும், வண்டியின் வால் முன்னே வந்துவிடும். முன்பகுதியைக் கனமாக்கத் தொடக்ககால வண்டிகளின் முன்பம்பருக்குள் எடைக்கட்டிகளை ஒளித்து வைத்தார்கள் என்றால் சிக்கலின் அளவை உணரலாம். 1969ஆம் ஆண்டு வண்டிகளில் முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 2211 மில்லிமீட்டரிலிருந்து 2268 ஆக நீட்டினார்கள். எஞ்சின் இருந்த இடத்தில் இருக்க, பின்சக்கரம் மட்டும் 57 மில்லிமீட்டர் பின்னே நகர்ந்தது.

மற்றொரு மருந்து டயர். முதல் 911இன் நான்கு சக்கரங்களிலும் ஒரே அளவு: 165 எச்ஆர் 15. விழுக்காட்டு எண் இல்லை. அக்காலத்தில் ரேடியல் டயரின் பக்கச்சுவர் அகலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு என்பது எழுதப்படாத வழக்கு. பின்னர் 1969இன் 911 எஸ் வண்டிக்கு 185/70 வந்தது. 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் தோன்றிய கரேரா ஆர்எஸ் 2.7இல்தான் பெரிய மாற்றம். முன்னே 185/70 விஆர் 15, பின்னே 215/60 விஆர் 15. சுமை மிகுந்த பின்புறத்துக்கு அகலமான டயர், இலேசான முன்புறத்துக்குக் குறுகிய டயர். பின்னால் வாத்தின் வாலைப் போன்ற அந்தப் புகழ்பெற்ற காற்றுத் தடுப்பும் இதே வண்டியில்தான் வந்தது.

இப்போது கணக்குப் போடுவோம். பக்கச்சுவரை இரண்டால் பெருக்கி ரிம்மின் விட்டத்தைக் கூட்டினால் டயரின் மொத்த உயரம் கிடைக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்.

முதல் 911இன் 165 டயர், ஏறத்தாழ 645 மில்லிமீட்டர். 185/70, 640. 215/60, 639. பின்னர் 3.3 லிட்டர் டர்போ வண்டிக்கு 16 அங்குல ரிம்மோடு வந்த 205/55 முன்டயர் 632. அதன் 225/50 பின்டயர் 631.

இந்த வரிசையை முதன்முதலில் தாளில் எழுதிப் பார்த்தபோது நான் வியந்தேன். அகலம் 165இலிருந்து 225க்கு வளர்ந்துவிட்டது. ரிம் ஓர் அங்குலம் பெரிதாகிவிட்டது. மொத்த உயரமோ ஒன்றரை சென்டிமீட்டர்கூட மாறவில்லை. அகலம் கூடிய போதெல்லாம் விழுக்காட்டைக் குறைத்து உயரத்தைக் காத்திருக்கிறார்கள். பல்லிணைப்புகளும் வேகமானியும் சக்கர வளைவின் இடைவெளியும் அந்த உயரத்தை நம்பியே அமைந்தவை.

என் மாணவரின் கணக்கைப் பாருங்கள். பழைய 185/60 ஆர் 14, 577.6 மில்லிமீட்டர். அவர் மாட்டிய 205/50 ஆர் 16, 611.4. கிட்டத்தட்ட 6 விழுக்காடு அதிகம். வேகமானி 100 காட்டும்போது வண்டி 106இல் ஓடும். உரசாமல் என்ன செய்யும்? 195/50 ஆர் 15 என்று எடுத்திருந்தால் 576. அகலமும் கூடியிருக்கும், உயரமும் ஒட்டியிருக்கும்.

அகலம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. அகன்ற டயர் சாலையைத் தொடும் பரப்பு மிகப் பெரிதாகிவிடும் என்று நினைக்கிறோம். அப்பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை வண்டியின் எடையும் டயரின் காற்றழுத்தமும்தான். அகலம் மாறும்போது அதன் வடிவமே மாறுகிறது. நீளவாட்டம் குறைந்து குறுக்குவாட்டம் கூடுகிறது. வளைவில் அது நன்மை. நம் நாட்டுப் பிற்பகல் மழையில் அதுவே தீமை. அகன்ற டயர் நீரைக் கிழிக்காமல் அதன்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் குறைவு. பந்தயத் திடலுக்கென்று செய்த, பள்ளங்கள் குறைந்த டயர்களை நம் இளைஞர்கள் நெடுஞ்சாலையில் ஓட்டுவதைக் காணும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

வேக எழுத்துகளையும் கூறிவிடுகிறேன். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை, டி 190, யூ 200, எச் 210, வி 240, டபிள்யூ 270, ஒய் 300. எச் மட்டும் அகரவரிசை தவறி நிற்பதைக் கவனியுங்கள். முதலில் எஸ், எச், வி என்னும் மூன்றே பிரிவுகள் இருந்தன. இடைப்பட்டவை பின்னர் வந்து நுழைந்தன. போர்ஷே ஒப்புதல் பெற்ற டயர்களில் என்0, என்1 போன்ற குறிகளும் உண்டு. ஒரே வண்டியில் அவற்றைக் கலந்து மாட்டக்கூடாது.

இவ்வளவு டயர் இருந்தும் 1975இல் விற்பனைக்கு வந்த 911 டர்போவுக்கு ‘விதவையாக்கி’ என்னும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 260 குதிரைத்திறன் காலை அழுத்தியவுடன் வராமல், சற்றுத் தாமதித்து, வளைவின் நடுவே ஒரேயடியாக வந்தது. டயர் எத்தனை அகலமாயினும் அதைத் தாண்டிய வேகம் ஒன்று இருக்கத்தான் செய்தது.

நம் பெற்றோர் மங்குகளில் சேர்த்த பாலுக்கு இதில் பங்கு உண்டா என்று சிலர் கேட்கலாம். உண்டு. இத்தகைய டயர்களில் சாலையைத் தொடும் மேற்பகுதி பெரும்பாலும் செயற்கை ரப்பர். உள்ளுடலிலும் எஃகுப் பட்டையைச் சுற்றியும் இன்றளவும் இயற்கை ரப்பரே பெரிதும் பயன்படுகிறது. கிழியாமல் தாங்கும், தொடர்ந்து நெளிந்தாலும் அதிகம் சூடேறாது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளிலிருந்து தொடங்கிய அந்தக் கதையைத் தனியே எழுத வேண்டும்.

ரப்பர் மூப்படையும் பொருள். அது தேயாவிட்டாலும் இறுகிப்போகும். 2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் போர்ஷே கரேரா ஜிடி ஒன்று மரத்திலும் விளக்குக் கம்பத்திலும் மோதியதில் நடிகர் பால் வாக்கரும் வண்டியை ஓட்டிய அவர் நண்பரும் மாண்டனர். காரணம் மிகைவேகம் என்றது புலனாய்வு அறிக்கை. அதே அறிக்கை அவ்வண்டியின் டயர்கள் ஒன்பது ஆண்டுகள் பழையவை என்பதையும் பதிவு செய்தது. டயர் பிறந்த நாளை அறிவது எளிது. பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும்; முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2000ஆம் ஆண்டிலிருந்து இதுவே முறை.

பரிசளிப்பு முடிந்து மாலையில் மீண்டும் அந்த எம்எக்ஸ்-5இன் அருகே சென்றோம். என் மாணவர் கைப்பேசி வெளிச்சத்தில் பின்டயரைத் தடவித் தேடினார். 3511 என்றிருந்தது. 2011ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பழைய டயர்க் கடையில் மலிவாகக் கிடைத்ததாகச் சொல்லியிருந்தார். பள்ளங்கள் ஆழமாக, புத்தம் புதிதாகவே தெரிந்தன. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார்.

“ஐயா, வண்டி இன்று இங்கேயே நிற்கட்டுமா?” என்றார். காவலரிடம் சொல்லிவிட்டு, அவரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.