ஊழலும் பொதுமக்கள் நோக்கும்: லொக்ஹீட் விவகாரத்தை முன்வைத்து ஒரு குறிப்பு

எந்நாட்டில் ஊழல் மிகுந்துள்ளது என்னும் வினாவுக்கு இன்று ஒரு பட்டியலே பெரும்பாலும் விடையாகக் காட்டப்படுகிறது. பேர்லினைத் தலைமையகமாகக் கொண்ட ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனல் 1995 முதல் வெளியிட்டுவரும் ஊழல் பற்றிய சுட்டெண்ணே அது. வணிகத் துறையினரதும் நிபுணர்களதும் மதிப்பீடுகளே அதற்குப் பெரிதும் ஆதாரமாவன. அது அளக்க முற்படுவதும் அரசாங்கத் துறையின் ஊழலையே. ஆகவே அதனைப் பொதுமக்களின் கருத்தாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரு செயலை மக்கள் எப்போது ஊழலெனக் காண்கின்றனர், கண்டும் எப்போது பொறுத்துக்கொள்கின்றனர் என்பது வரலாற்றுநிலைப்பட்டு ஆராயப்படவேண்டியதாகும். ஒரே கம்பனி பல நாடுகளிற் கொடுத்த இலஞ்சம் இதற்குத் தக்க சான்றாக அமைகிறது.

அமெரிக்க விமானக் கம்பனியான லொக்ஹீட், தன் விமானங்களை விற்பதற்காக வெளிநாட்டுப் பிரமுகர்களுக்குப் பணம் வழங்கியமை 1976 பெப்ரவரியில் செனற் உபகுழுவின் விசாரணையில் வெளிப்பட்டது. 1971இல் இக்கம்பனியின் 25 கோடி டொலர் வரையிலான கடனுக்கு அமெரிக்க அரசு பொறுப்புநின்றது. எனினும், வெளிநாட்டு அதிகாரிக்கு இலஞ்சம் கொடுத்தலைக் குற்றமாக்கும் அமெரிக்கச் சட்டம் 1977இலேயே இயற்றப்பட்டது. அதுகாறும் வாங்கியவனே கறைபட்டவன், கொடுத்தவன் வணிகன்.

நெதர்லாந்தில் அரசி யூலியானாவின் கணவர் பேர்னாட் மீது குற்றச்சாட்டு எழுந்தது. 1976 ஓகஸ்டில் விசாரணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தபின் அவர் இராணுவப் பதவிகளை இழந்தார். ஆயின் வழக்குத் தொடரப்படவில்லை. முடியாட்சிக்கு நெருக்கடி நேராதவாறு காத்தது தொழிற்கட்சியினரான டென் அயிலின் அரசாங்கம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

யப்பானில் நிலைமை மேலும் சிக்கலானது. முன்னாட் பிரதமர் தனாக்கா 1976 யூலையிற் கைதுசெய்யப்பட்டார். 50 கோடி யென் இலஞ்சம் பெற்ற குற்றத்துக்காக 1983 ஒக்டோபரில் அவருக்கு நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர் மேன்முறையீடு செய்தார். அவ்வாண்டு டிசெம்பரில் நடைபெற்ற பொதுத்தேர்தலில் அவரது முன்னாட் கட்சியான லிபரல் ஜனநாயகக் கட்சி அறுதிப் பெரும்பான்மையை இழந்தது. அதே தேர்தலில் நீகாத்தாவின் மூன்றாந் தொகுதி மக்களோ இரண்டு இலட்சத்து இருபதினாயிரம் வரையான வாக்குகளால் தனாக்காவை மீளத் தெரிவுசெய்தனர்.

இதனை நாட்டுப்புற மக்களின் அறியாமையென ஒதுக்கிவிடலாகாது. போருக்குப் பிந்திய யப்பானியக் கைத்தொழில் வளர்ச்சி பசிபிக் கரையோரத்திலேயே பெரிதும் குவிந்தது. பனி மூடிய நீகாத்தா உழைப்பாளரை அனுப்பும் பிரதேசமாயிற்று. வீதிகளும் சுரங்கப்பாதைகளும், 1982இல் திறக்கப்பட்ட அதிவேகப் புகையிரதப் பாதையும் தனாக்காவின் செல்வாக்கோடு இணைத்து நோக்கப்பட்டன. தலைநகரின் பத்திரிகைகள் கண்ட இலஞ்சத்தை அம்மக்களும் அறிந்தே இருந்தனர்; தமக்கு மறுக்கப்பட்டிருந்த பங்கை ஈட்டித் தந்தவர் என்றும் அவரைக் கண்டனர். ஆயின் அப்பங்கு கட்டட ஒப்பந்தகாரரின் கைவழியே வந்தது. வாக்காளரை ஒரு தனிமனிதரின் தயவுக்குக் கட்டுப்படுத்தியது. உரிமையாகக் கிடைக்கவேண்டியது சலுகையாகக் கிடைத்தது.

ஊழல் பற்றிய மக்கள் நோக்கு, கைமாறிய தொகையை மாத்திரம் பொறுத்ததன்று. சட்டத்தை இயற்றுவோர் யாவர், செய்தியைப் பரப்புவோர் யாவர், வளர்ச்சியின் பயன் எவரைச் சென்றடைந்தது என்பனவே அதனைப் பெரிதும் உருவாக்குகின்றன. இதனாற் சாமானியரின் மனக்குறை பொய்யென்றாகிவிடாது. வைத்தியசாலையிலும் கந்தோரிலும் இலஞ்சம் கேட்கப்படுவோர் அவர்களே. அவர்களின் அனுபவத்தை வணிகரின் மதிப்பீட்டினின்றும் பிரித்தறிந்து ஆராய்வது முற்போக்குச் சிந்தனையாளரின் கடனாகும்.