சிங்கர் தேவை

திருப்பூரில் ‘சிங்கர் தேவை’ என்று போர்டு தொங்கினால் யாரும் பாடகரைத் தேடவில்லை. சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் பனியன் கம்பெனி மிஷின்கள். ஓட்டுகிறவருக்கும் அதே பெயர்தான். அம்மா பதினெட்டு வருஷமாக சிங்கர் டைலர். நான் இன்ஜினியரிங் முடித்து சாப்ட்வேருக்குத் தப்பியவன்.

2021 மார்ச்சில் நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்த அம்மா கேட்டார்: “ஏங் கண்ணு, கம்பெனில இன்னைக்குப் பூரா ஒரே பாட்டுத்தான். பக்கத்து மிஷின் கோத்தகிரிப் புள்ள அழுதுட்டே தச்சுது. ஆடற பாட்டுக்கு எதுக்கு அழுவோணும்?”

பாட்டு ‘எஞ்சாயி எஞ்சாமி’. மார்ச் 7 அன்று மாஜா தளத்தில் வெளியானது. பாடியவர்கள் தீ, அறிவு. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன்.

அறிவை நான் அதற்கு முன்பே கேட்டிருந்தேன். 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல்முறை மேடையேறியது. பா.ரஞ்சித்தும் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயர் அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்பதிலிருந்து வந்தது. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில், கோட் சூட் போட்ட ஒரு கூட்டம். அதில் ஒருவர்தான் அரக்கோணத்துக்காரரான அறிவு. அவரும் இன்ஜினியரிங் படித்தவர். 2019இல் ஆஃப்ரோவோடு ‘தெருக்குரல்’ ஆல்பம், பிறகு இந்தப் பாட்டு.

குழுவில் பாடியவர் தனியாக ஆட்டப் பாட்டுக்கு நகர்ந்தால் ‘விலை போய்ட்டான்’ என்பது உலகம் முழுக்க உள்ள வசை. பிளாண்டியின் டெபி ஹாரி 1981இல் டிஸ்கோவில் கொடிகட்டிப் பறந்த ‘ஷீக்’ ஆட்களோடு ‘கூகூ’ ஆல்பம் செய்தபோது ராக் ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அறிவு விஷயத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேடையில் அரசியலாக இருந்தது இங்கே பாட்டியின் கதையாகிறது. அவர் பாட்டி வள்ளியம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து வெறுங்கையோடு திரும்பியவர். ஒப்பாரியின் மேல் பீட் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கோத்தகிரிப் பெண் அழுததன் காரணமும் அதுவாகத்தான் இருக்கும். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அவர்களைக் கேட்டுச் செய்ததல்ல. வந்தவர்களில் பலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் மலையிறங்கி எங்கள் ஊர் மிஷின்களில் உட்கார்ந்தார்கள்.

பிறகுதான் பெயர்ச் சண்டை. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்த பிறகு அவருக்குத் தனி டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28, செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அதைப் பாடினார்கள். சில நாளில் அறிவு, மெட்டும் வரியும் தன்னுடையவை, யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை என்று எழுதினார். மூவரின் கூட்டுழைப்பு, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ். 2024 மார்ச்சில் அதே சந்தோஷ், இந்தப் பாட்டால் இதுவரை ஒரு பைசாகூட வரவில்லை என்றார். சுயாதீனக் கலைஞர்களுக்கென்று வந்த தளத்தின் பாட்டு இது!

2012 காப்புரிமைத் திருத்தம் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியை விட்டுக்கொடுக்க முடியாதபடி காத்தது. நல்லதுதான். ஆனால் பாட்டி வாயில் புழங்கிய ஒப்பாரிக்கு அந்தப் படிவத்தில் எந்தக் கட்டம்? இரண்டு பக்கத்தையும் பலமுறை படித்தேன். மெட்டு யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அட்டையில் யார் முகம் வரவேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே வரவில்லை. கழுத்துப்பட்டியில் மெயின் லேபிள் வைத்துத் தைப்பது சிங்கர் வேலை. “நா எத்தன ஆயிரம் பேரு வெச்சுத் தச்சிருப்பேன், ஒண்ணாச்சும் நம்ம பேரா?”

2024இல் அறிவின் ஆல்பம் வந்தது. தலைப்பு ‘வள்ளியம்மா பேராண்டி’. அம்மாவுக்கு போனில் போட்டுக் காட்டினேன். பெயரை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

“அந்தக் கோத்தகிரிப் புள்ளைக்கு அனுப்பி உடு” என்றார். அப்புறம் அவரே, “அது இப்ப வேற கம்பெனிக்குப் போயிருச்சு, நம்பரு இல்ல” என்றார்.