பாலசுப்பிரமணியத்தின் புள்ளி: ஜாவாவும் நாங்களும்

1995 மே 23. சான் பிரான்சிஸ்கோவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவா என்ற புதிய செய்நிரல் மொழியை உலகத்துக்கு அறிவித்தது. ஜேம்ஸ் கோஸ்லிங்கும் அவருடைய குழுவும் 1991இலிருந்து வளர்த்து வந்த மொழி அது. முதலில் வைத்த பெயர் 'ஓக்'. ஒருக்கா எழுதினால் எந்தக் கணினியிலும் ஓடும் என்பதுதான் அதன் வாக்குறுதி.

அதே வருடம் ஒக்டோபர் 30இல் வலிகாமம் வீடுகளைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தது. குடாநாட்டில் 1990இலேயே மின்சாரம் நின்றுவிட்டது. ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு, சைக்கிள் டைனமோவில்தான் ரேடியோ. ஜாவா சொன்ன 'எந்தக் கணினியிலும்' என்பதற்குள் நாங்கள் அப்ப இல்லை.

ஆனால் எங்கட எழுத்து இருந்தது. இது பலருக்குத் தெரியாத விசயம். அதுவரை வந்த முக்கியமான மொழிகள் பல, ஓர் எழுத்துக்கு 8 பிட் இடமே போதும் என்று நினைத்தவை. ஆங்கிலத்துக்கு அது தாராளம். ஜாவா தொடக்கத்திலேயே யுனிகோடை எடுத்துக்கொண்டு 16 பிட் கொடுத்தது. அதாவது 65,536 இடங்கள். 1991இல் வெளிவந்த யுனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆகவே ஜாவா பிறந்த நாளிலேயே அதற்குள் 'ழ' இருந்தது. மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். 'வயது' என்று ஒரு மாறி எழுதினால் ஜாவா மறுப்பே சொல்லாமல் ஏற்கும்.

அந்த இடத்தை நாங்கள் கனகாலம் பாவிக்கவில்லை. இங்க தட்டச்சு செய்தது பாமினியில். பாமினி ஓர் எழுத்துரு மட்டும்தான்: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும். திரையில் 'யாழ்ப்பாணம்' தெரியும். செய்நிரலுக்கோ அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். தேடவும் முடியாது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் திரும்பவும் மூடியது. அந்த நாலு வருட இடைவெளியில் கொழும்பில் நடந்ததைப் பாருங்கோ. 2003இல் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேசன் தொடங்கியது. இலங்கைப் பொறியியலாளர்கள் அப்பாச்சியின் அக்சிஸ்2 என்ற ஜாவாத் திட்டத்தில் முன்வரிசையில் நின்றார்கள். 2005இல் சஞ்சீவ வீரவரணவும் போல் ஃப்ரீமென்ரிலும் டபிள்யுஎஸ்ஓ2 நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2006 நவம்பரில் சன் நிறுவனம் ஜாவாவின் மூலநிரலைத் திறந்துவிடத் தொடங்கியது. எவரும் வாசிக்கலாம், திருத்தலாம். அந்த நவம்பரில் எங்களுக்குப் பாதையும் இல்லை, கடையில் சாமானும் இல்லை. திறமையில் கொழும்புப் பெடியளுக்கு நாங்கள் குறைந்தவர்கள் இல்லை. பிந்தியதற்குக் காரணம் பாதை.

2009க்குப் பிறகு நிலைமை மாறியது. இப்ப யாழ்ப்பாணத்தில் சொஃப்ட்வெயார் கொம்பனிகள் இருக்கின்றன, ஜாவா படிக்கிற பிள்ளைகளும் கனபேர். ஆனால் படிக்கிற உதாரணங்கள் எல்லாம் ஆங்கிலப் பெயர்களோடுதான். அதிலதான் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

'பாலசுப்பிரமணியம்' எத்தனை எழுத்து? எண்ணிப் பார்த்தால் பத்து. ஜாவாவின் 'லெங்த்' பதினாறு என்று சொல்லும். ஏனென்றால் 'பா' என்பது யுனிகோடில் ப, கால் என்று இரண்டு குறி. 'ம்' என்பது ம, புள்ளி என்று இரண்டு. இப்ப ஒருவர் பெயர்ப் பெட்டிக்கு 15 என்று எல்லை வைத்து, மிச்சத்தை வெட்டிவிடுகிறார் என்று வையுங்கோ. வெட்டுப்படுவது கடைசிப் புள்ளி. அட்டையில் 'பாலசுப்பிரமணியம' என்று வரும். பத்து எழுத்துப் பெயர் பதினைந்துக்குள் அடங்கவில்லை! இதற்கு மருந்து இருக்கிறது. ஜாவா 9 முதல் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்கோட்டுடன் பெரிய எக்ஸ் போட்டால் முழு எழுத்தாக எடுக்கும். ஜாவா 20 முதல் 'பிரேக் இட்டரேட்டர்' வகுப்பும் அதே முறையில் எண்ணும். 'க்ஷ' மட்டும் இரண்டாகவே வரும். அதைக் கவனிக்க வேணும்.

அடுத்தது கொக்குவில். 'கொ' எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஜாவாவுக்கு இரண்டு வேறு ஊர். ஒருவர் ஒரு விதமாகப் பதிந்து மற்றவர் மற்ற விதமாகத் தேடினால் 'பதிவு இல்லை' என்றுதான் வரும். ஜாவா 6இலிருந்தே 'நோர்மலைசர்' என்ற வகுப்பு இருக்கிறது. தரவைச் சேமிக்க முதல் அதன் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் கொக்குவில் ஓர் ஊராகும்.

மூன்றாவது, கேள்விக்குறிகள். கோப்பில் தமிழ் எழுதி, திறந்து பார்த்தால் வரிசையாகக் கேள்விக்குறி. முந்திய ஜாவா, கணினியின் சொந்தக் குறியீட்டு முறையையே எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அதற்குள் பெரும்பாலும் தமிழ் இராது. 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18தான் யுடிஎஃப்-8ஐ எல்லா இடத்துக்கும் இயல்பாக்கியது. இன்னும் ஜாவா 8இல் வேலை செய்கிற இடங்கள் கன இருக்கு. அங்க ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் யுடிஎஃப்-8 என்று நாங்களே சொல்லவேணும்.

2017க்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு புதிய ஜாவா வருகிறது. 2025 செப்டெம்பரில் வந்த ஜாவா 25இல், புதிதாகப் படிப்பவரை வெருட்டிய 'பப்ளிக் ஸ்டாட்டிக் வொய்ட் மெயின்' என்ற நீண்ட வரி கட்டாயமில்லை. தொடங்குவதற்கு இதைவிட லேசான காலம் இருந்ததில்லை.

தொடங்குகிற தம்பி தங்கச்சிமாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கட செய்நிரலை 'ஜோன்', 'மேரி' என்று போட்டுச் சோதித்துவிட்டு முடிந்தது என்று விடாதையுங்கோ. அம்மம்மாவின் முழுப்பெயரைப் போடுங்கோ. கொக்குவிலையும் கோண்டாவிலையும் இரண்டு விதமாகவும் போடுங்கோ. புள்ளி தப்புகிறதா என்று பாருங்கோ. எங்களுக்காக அதை வேற ஆர் பார்க்கப் போகினம்?