தெருவில் அறக்கொடை திரட்டல்: இங்கிலாந்தின் 1916ஆம் ஆண்டுச் சட்டம்

பொதுத் தெருவில் நின்று அறப்பணிக்குப் பொருள் திரட்டுவோரை அரசு விதிகளால் நெறிப்படுத்திய வரலாற்றை அறிதற்கு இங்கிலாந்து ஏற்றதொரு களமாகும். அவ்விதிகள் பெரும்பாலும் நாணயத்தையும் பெட்டியையும் நோக்கி எழுந்தவை என்பதும், அதனாலேயே பின்வந்த மாற்றத்தை அவை எட்டாவாயின என்பதும் நம் கருத்து.

1886 திசம்பரில் லங்காசயர்க் கரையருகே ‘மெக்சிகோ’ என்னும் கப்பல் புயலிற் சிக்கியது. அதனை மீட்கச் சென்ற இரு படகுகளைச் சேர்ந்த 27 பேர் மாண்டனர். அதுகாறும் உயிர்மீட்புப் படகுப்பணி செல்வர் சிலரின் கொடையையே பெரிதும் நம்பியிருந்தது. பஞ்சாலை முதலாளியாகிய சார்லஸ் மக்காரா என்பார் அந்நிலையை மாற்ற முனைந்தார். 1891 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, மான்செஸ்டர் தெருக்களில் படகுகள் ஊர்வலமாக இழுத்துவரப்பட்டன. மாடிச் சாளரங்களில் நின்றோரும் ஈதற்பொருட்டு நீண்ட கழிகளின் நுனியிற் பைகளைக் கட்டி நீட்டினர் என்பர். ஒரே நாளில் 5,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது.

1912இல் அரசி அலெக்சாந்திராவின் பெயரால் செயற்கை ரோசாப் பூக்கள் இலண்டனில் விற்கப்பட்டன. முதல் உலகப் போர் மூண்டதும் சிறு தாட்கொடிகளை விற்கும் நாட்கள் பல்கின. (1949 முதல் திசம்பர் 7ஆம் நாளை நாம் ‘கொடிநாள்’ என வழங்குவது இம்மரபின் வழிவந்ததே.) பல்கிய இடத்தில் ஐயமும் பிறந்தது. திரட்டிய பொருள் எங்கே செல்கிறது? மறுப்பவனை மறித்து வருத்தலாமா?

விடையாக வந்த 1916ஆம் ஆண்டு விதி, காவல், தொழிற்சாலை முதலிய பலவற்றையும் ஒருங்கே கூறும் சட்டமொன்றின் 5ஆம் பிரிவாக ஒதுங்கிக் கிடப்பது வியப்பிற்குரியது. தெருவில் எவ்விடத்து, எந்நிலையில் பொருள் திரட்டலாம் என ஒழுங்கு வகுக்கும் உரிமையை அது காவல் ஆட்சியினர்க்கு அளித்தது. அறத்தின் தகுதியைக் காட்டிலும் தெருவின் அமைதியே அவர்தம் முதற்கவலை போலும். திறந்தவெளிப் பொதுக்கூட்டத்தில் திரட்டப்படும் பொருளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. 1972ஆம் ஆண்டின் சட்டத்தால் இவ்வுரிமை, இலண்டனுக்கு வெளியே, மாவட்ட மன்றங்களுக்கு மாறியது.

1974இல் வகுக்கப்பட்ட மாதிரி ஒழுங்குகளை நோக்கின் அவற்றின் நுட்பம் விளங்கும். திரட்டுவோர் ஓரிடத்தில் நிற்றல் வேண்டும். அடுத்தவர்க்கு 25 மீட்டர் விலகி நிற்றல் வேண்டும். வழிச்செல்வோரை நச்சரித்தல் ஆகாது. அகவை 16க்குக் குறைதல் கூடாது. கூலி பெறுதல் கூடாது. பெட்டிகள் எண்ணிடப்பட்டு, முத்திரை உடைந்தாலன்றித் திறவாதபடி மூடப்படும். திரட்டலை நடத்துபவரும் பொறுப்புள்ள மற்றொருவரும் உடனிருக்கவே அவை திறக்கப்படும். ஒரு திங்களுக்குள் கணக்கு ஒப்படைக்கப்பட்டு நாளிதழில் வெளியிடப்படும். ஈவோன் முகமறியாத ஒருவரிடம் காசைப் போட்டுவிட்டு நடந்துவிடுகிறான். மீண்டும் வந்து கேட்கப்போவதில்லை. அவன் சார்பில் கேட்பது அப்பெட்டியின் எண்ணும் முத்திரையுமே. அற்பமெனத் தோன்றும் இவ்விதிகளை நாம் உயர்வாக மதிப்பது இதனாலேயே.

தமிழில் ‘உண்டியல்’ என்னும் சொல் காசுப்பெட்டியையும் குறிக்கும். பணமாற்றுச் சீட்டையும் குறிக்கும். ஆங்கிலச் சட்டம் முன்னதை மட்டுமே கண்டது எனலாம். 1990களுக்குப் பின், கூலி பெறும் இளைஞர் தெருவில் நின்று, திங்கள்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தொகை செல்ல ஒப்பம் வாங்கும் முறை பரவியது. அங்கே காசு கைமாறுவதில்லை. ஆதலின் அது ‘பணம் திரட்டல்’ ஆகாது என்பதே பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து. ஒரு காசு கேட்பவர்க்கு அத்துணைத் தடையிருக்க, ஆண்டுக்கணக்கில் ஈயுமாறு கேட்பவர்க்கு அத்தடை இன்மை முறையன்று. 1992, 2006 ஆகிய ஆண்டுகளில் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன. எனினும் தெருத்திரட்டலைப் பற்றிய அவற்றின் பகுதிகள் நடைமுறைக்கு வரவில்லை. பல நகரங்களில் இன்ன நாளில் இத்துணைப் பேரே நிற்கலாம் என மன்றங்களும் அறநிலையங்களும் தம்முள் உடன்பாடு செய்துகொண்டுள்ளன. அவை சட்டம் அல்ல.