போருக்குப் பிறந்து வயலுக்கு வந்த வண்டி



போர்க்கருவி உழவுக்கருவியாக மாறும் காலம் ஒன்று வரும் என்று தீர்க்கதரிசிகள் முன்னறிவித்ததை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். கடந்த நூற்றாண்டில் ஏறக்குறைய அவ்விதமாகவே மாறிய ஒரு பொருளின் வரலாற்றை இவ்வாரம் உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். அது நீங்கள் நன்கறிந்த பொருள்தான். மலையடிவாரத்து ஊர்களில் வாழ்பவர்கள் நாள்தோறும் காண்பது. பலர் அதில் ஏறியே வேலைக்குப் போகிறார்கள். பழைய ஜீப் வண்டியைத்தான் சொல்லுகிறேன்.

1940-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களுக்கு ஓர் அழைப்பு அனுப்பியது. நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய, எடை குறைந்த சிறு வண்டி ஒன்று வேண்டும். முதல் மாதிரியை 49 நாட்களில் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெரிய நிறுவனங்கள் பலவும் தயங்கி ஒதுங்கின. பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில், கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த பாண்டம் என்ற சிறு நிறுவனம் துணிந்து ஏற்றுக்கொண்டது. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளர் சில நாட்களுக்குள் வரைபடங்களை முடித்தார். செப்டம்பர் 23 அன்று, குறித்த கெடுவுக்குள், முதல் வண்டி இராணுவத்தின் ஹோலாபேர்டு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன் பின் நடந்தது அவ்வளவு அழகானதல்ல. பாண்டம் நிறுவனத்தால் பெருந்தொகையில் உற்பத்தி செய்ய இயலாது என்று கருதிய இராணுவம், அதன் வடிவமைப்பை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய பெரிய நிறுவனங்களும் காண வழிசெய்தது. போர் முடிவதற்குள் இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. முதலில் பாடுபட்ட பாண்டம் நிறுவனத்துக்கு மூவாயிரத்துக்கும் குறைவான வண்டிகளே வாய்த்தன. பிறகு ஜீப்பின் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர்களைச் செய்யும் வேலை கிடைத்தது. ஒருவர் விதைக்க மற்றொருவர் அறுப்பது தொழில் உலகுக்கும் புதிதல்ல.

அவ்வண்டியின் சிறப்பு எதில் இருந்தது? சாதாரண வண்டியில் எஞ்சினின் வலு இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே செல்லும். அவற்றுள் ஒன்று சேற்றில் வழுக்கிச் சுழலத் தொடங்கினால், வலுவெல்லாம் அந்தச் சக்கரத்திலேயே வீணாகும். உறுதியான தரையில் நிற்கும் மற்றச் சக்கரம் அசையாது. ஜீப்பிலோ கியர் பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இன்னொரு பெட்டி இருந்து, வலுவை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்தளித்தது. அதிலுள்ள லோ கியரைப் போட்டால் வேகம் ஏறக்குறையப் பாதியாகி, இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். 60 குதிரைத்திறன் மட்டுமே கொண்ட எஞ்சின் சேற்றையும் மணலையும் செங்குத்தான மலையையும் கடந்தது இதனால்தான்.

போர்க்களத்தில் அவ்வண்டி நெடுங்காலம் வாழும் என்று எவரும் எண்ணவில்லை. ஆனால் களத்திலேயே, சில ஸ்பேனர்களை வைத்துக்கொண்டு ஒரு சிப்பாய் பழுதுபார்க்கும்படி அது செய்யப்பட்டிருந்தது. குறுகிய ஆயுளுக்கென்று செய்த அந்த எளிமையே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணமாயிற்று என்பது என் எண்ணம். உறுதியான வண்டிகள் உலகில் பல இருந்தன. பழுதுபார்க்கக் கூடியவையே நிலைத்தன.

போர் முடிந்த 1945-லேயே வில்லிஸ் நிறுவனம் விவசாயிகளுக்கென்று சிஜே-2ஏ என்ற வண்டியை வெளியிட்டது. பின்புறம் திறக்கும் கதவு, சுமைக்கேற்ற மெதுவான கியர் விகிதம், எஞ்சினின் சுழற்சியை வெளியே எடுத்து அரம்பத்தையும் பம்பையும் ஓட்டும் அமைப்பு ஆகியவை அதில் இருந்தன. குதிரை, டிராக்டர், லாரி ஆகிய மூன்றின் வேலையையும் இது ஒன்றே செய்யும் என்று விளம்பரம் செய்தார்கள். விளம்பரம் சற்று மிகைதான். நாள் முழுவதும் ஏர் இழுப்பதில் அது டிராக்டருக்கு ஈடாகவில்லை. ஆயினும் வயலிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து வீட்டுக்கும் ஒரே வண்டியில் போய்வர முடிந்தது சிறிய காரியமல்ல.

இனி இங்கிலாந்துக்கு வாருங்கள். ரோவர் கார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளரான மாரிஸ் வில்க்ஸ் என்பவருக்கு வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. போரில் மிஞ்சிய பழைய ஜீப் ஒன்றை அவர் அங்கே வேலைக்கு வைத்திருந்தார். அது தேய்ந்து தளர்ந்த வண்டி. உதிரிபாகங்களும் எளிதில் கிடைக்கவில்லை. இது முற்றிலும் ஓய்ந்துபோனால் என்ன செய்வாய் என்று அண்ணன் ஸ்பென்சர் கேட்க, இன்னொரு ஜீப்பைத்தான் வாங்கவேண்டும், வேறு வண்டி ஏது என்று மாரிஸ் பதில் சொன்னதாகச் சொல்லப்படுவதுண்டு. அந்த அண்ணனே ரோவர் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் என்பதால், உரையாடல் அதோடு நிற்கவில்லை. 1947-இல் ரெட் வார்ஃப் என்னும் கடற்கரையின் மணலில் மாரிஸ் தம் வண்டியின் வடிவத்தைக் கோடிட்டுக் காட்டினார் என்பது அக்குடும்பத்தின் மரபுச் செய்தி. முதல் மாதிரியை ஜீப்பின் சேசிஸ் மீதே கட்டினார்கள். டிராக்டரைப் போல ஸ்டியரிங் நடுவில் இருந்தது. அந்த ஏற்பாடு பிறகு கைவிடப்பட்டது.

1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமாயிற்று. விலை 450 பவுன். முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் ஜீப்பைப் போலவே 80 அங்குலம். அப்போது பிரிட்டனில் எஃகுக்குக் கட்டுப்பாடு இருந்ததால், வண்டியின் மேற்கூட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். பெரிய அச்சு எந்திரங்களுக்குச் செலவிட மனமில்லாததால், தகடுகளைப் பெரும்பாலும் தட்டையாகவே விட்டார்கள். பூசியதோ படைத்துறையில் மிஞ்சிக் கிடந்த பச்சை வண்ணம். சில ஆண்டுகளுக்குத் தற்காலிகமாகச் செய்து விற்போம் என்பதே நிறுவனத்தின் திட்டம். அந்த வழியில் வந்த கடைசி வண்டி சொலிஹல் ஆலையை விட்டு வெளியேறியது 2016 ஜனவரி 29 அன்று!

அலுமினியம் துருப்பிடிக்காது என்பதால் பழைய லேண்ட் ரோவர் வாங்குகிறவர்கள் எளிதில் ஏமாறுகிறார்கள். மேற்கூடு பளிச்சென்று இருக்கும். அடியில் அதைத் தாங்கும் சேசிஸ் எஃகினால் ஆனது. சேறும் ஈரமும் தேங்கும் இடங்களில் அது உள்ளிருந்தே அரிக்கும். அனுபவமுள்ளவர்கள் பானட்டைத் திறப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து, சிறு சுத்தியலால் சேசிஸைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்ற ஒலி வந்தால் நல்லது. மந்தமான ஒலி வந்தால் விலை பேசாமல் எழுந்துவிடலாம். பிரசங்கத்துக்கு உவமை தேடுகிற உடன் ஊழியர்கள் இதை எடுத்துக்கொள்ளட்டும். நான் இங்கே விரிக்கவில்லை.

இத்தகைய வண்டிகள் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையோரம் மானேபஞ்சாங் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ சிகரத்துக்கு ஏறக்குறைய 31 கிலோமீட்டர் பாதை. நெடுங்காலம் அது பாறைக்கற்கள் பதித்த, செங்குத்தான வளைவுகள் நிறைந்த பாதையாக இருந்தது. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் விட்டுச்சென்ற, 1950-களைச் சேர்ந்த லேண்ட் ரோவர்களை உள்ளூர் ஓட்டுநர்கள் வாங்கி, பல பத்தாண்டுகளாக அப்பாதையில் அரிசியையும் எரிவாயு உருளைகளையும் நோயாளிகளையும் பயணிகளையும் ஏற்றிச் சென்றார்கள். பழைய பெட்ரோல் எஞ்சின்களைக் கழற்றிவிட்டு, உள்நாட்டு டீசல் எஞ்சின்களைப் பலவற்றில் பொருத்தினார்கள். கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்துகொண்டார்கள். எஞ்சின் மாறி, பாகங்கள் மாறிய பின்னும் அது அதே வண்டிதானா என்று தத்துவம் பேசுவோர் கேட்கலாம். அதை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஓட்டுநருக்கு அந்த ஐயம் எழுந்திருக்காது. இப்போது பாதையின் பெரும்பகுதி சீராகி, புதிய வண்டிகளும் ஏறுகின்றன.

நம் பகுதிக்கு வந்தது லேண்ட் ரோவரைவிட ஜீப்பே. மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளை இணைத்து விற்கத் தொடங்கி, பின்னர் இங்கேயே முழுமையாகத் தயாரித்தது. அவ்வழியில் வந்த டீசல் ஜீப்புகளைத் தேனி மாவட்டத்தில் இன்றும் காணலாம். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும், விடிந்தும் விடியாத வேளையில் அவை இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லுகின்றன. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மடியில் தூக்குவாளி, தோளில் துண்டு. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளும் கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தவை. அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியதால் நேர்ந்த மரணங்களை அம்மாவட்டத்தார் அறிவார்கள்.

ஆகவே, இத்தகைய வண்டியை வைத்துத் தொழில் செய்யும் சகோதரர்களுக்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். பழைய வண்டி வாங்கியவுடன் நாம் முதலில் எஞ்சினைப் பார்க்கிறோம், அடுத்து கமான் பட்டைகளை, அதன் பிறகு டயரை. பிரேக்கைக் கடைசியில் பார்க்கிறோம். காலையில் மலையேறும்போது எஞ்சின் உழைக்கிறது. மாலையில், களைத்துப்போன மனிதர்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது உழைப்பது பிரேக். பழைய ஜீப்பிலும் பழைய லேண்ட் ரோவரிலும் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒரே இணைப்பில் ஓடுபவை. ஒரு சக்கரத்தின் குழாய் வெடித்தாலும், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்தாலும், நான்கும் ஒருசேரக் கைவிட்டுவிடும். இக்காலத்துக் கார்களில் உள்ளதுபோல் இரண்டாம் இணைப்பு அவற்றில் கிடையாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மாற்றாமலே விட்டால் அந்த ஈரம் சிலிண்டரை உள்ளே அரித்துவிடும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு டீசலை மிச்சம் பிடிப்பதும் இங்கே உயிரோடு விளையாடுவதாகும். ஏறிய அதே கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் சூடேறாது.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது நான்கு சக்கரங்களையும் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். மாஸ்டர் சிலிண்டர் ரப்பர்களை மாற்றுவதற்கு ஆகும் தொகை, வண்டிக்குப் புது வண்ணம் பூசும் செலவில் ஒரு சிறு பங்குதான்.