எவரும் எதிர்க்கலாம்

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவு, ஒரு விண்ணப்பத்துக்குக் காப்புரிமை கிடைக்கும் முன்பே அதை எதிர்த்து மனுக் கொடுக்க ‘எவருக்கும்’ உரிமை தருகிறது. மனுதாரர் போட்டி நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. மருந்தை விழுங்குகிற நோயாளியே கொடுக்கலாம். 2005க்குப் பின் ஹெச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் அமைப்புகளும் புற்றுநோயாளர் சங்கங்களும் காப்புரிமை அலுவலகத்தின் படியேறியது இந்த ஒரு சொல்லை நம்பித்தான்.

அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தேவை பெரிதாக எழவில்லை. நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கையின் வழியில் உருவான 1970ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துக்குக் காப்புரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது. அதுவும் அதிகபட்சம் ஏழு ஆண்டுகளுக்குத்தான். ஒரே மருந்தை வேறு வழியில் செய்து மலிவாக விற்க உள்நாட்டு நிறுவனங்களுக்கு இது வழிவிட்டது. 2001இல் சிப்லா, மூன்று மருந்துகள் அடங்கிய ஹெச்.ஐ.வி. சிகிச்சையை நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தபோது, பன்னாட்டு நிறுவனங்களின் விலை 10,000 டாலரைத் தாண்டியிருந்தது.

உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005 ஜனவரி 1 முதல் மருந்துக்கே காப்புரிமை வந்தது. அதுவரை பெட்டியில் பூட்டிவைத்திருந்த ஏறக்குறைய 9,000 விண்ணப்பங்கள் பரிசீலனைக்கு வந்தன. 2004 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் முன் எதிர்ப்பு உரிமையை நறுக்கியிருந்தது. 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது; தெரிந்த மருந்தின் புது வடிவம் கூடுதல் பலன் தராவிட்டால் காப்புரிமை இல்லை என்னும் 3(டி) பிரிவையும் வலுவாக்கியது.

உரிமை கிடைத்தாலும் அதைப் பயன்படுத்தப் படிப்பு தேவைப்பட்டது. 1998இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய சிகிச்சைக்கான செயல் இயக்கம் நோயாளிகளுக்கு மருந்தின் பெயர், வேலை, பக்கவிளைவு ஆகியவற்றைக் கற்பித்துப் போராட்டத்துக்குத் தயார்படுத்தியிருந்தது. இந்தியாவில் அந்தப் பாடத்தோடு காப்புரிமையும் சேர்ந்தது. லாயர்ஸ் கலெக்டிவ் போன்ற சட்ட அமைப்புகள் நோயாளர் குழுக்களோடு கைகோத்தன. காப்புரிமை ஆவணத்தைப் படிப்பதில் முதல் பாடம், நீண்ட விளக்கத்தைத் தாண்டிக் கடைசியில் உள்ள உரிமைகோரல்களுக்குப் போவது. இது முன்பே வெளியானதா, துறை தெரிந்தவர் எவரும் செய்யக்கூடியதா, பழைய மருந்தைவிட நன்றாகக் குணமாக்குகிறதா என்று ஒவ்வொரு கோரலையும் கேட்க வேண்டும். வேதியியல் வாதங்களை வல்லுநர்கள்தான் எழுதினார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எந்த மருந்து கைநழுவினால் எத்தனை பேர் பாதிக்கப்படுவர் என்பதோ நோயாளர்களுக்கே தெரிந்த கணக்கு.

கோரல்களைப் பிரித்துப் பார்த்தால் சில வியப்புகள் கிடைக்கும். காம்பிவிர் என்னும் ஹெச்.ஐ.வி. மருந்து, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஜிடோவுடின், லாமிவுடின் இரண்டையும் ஒரே மாத்திரையில் சேர்த்தது. தூள் சீராக வழிந்தோட உதவும் சிலிக்கான் டைஆக்சைடு போன்ற பொருளைச் சேர்த்ததுதான் விண்ணப்பத்தின் புதுமை. மணிப்பூர் நோயாளர் குழுவும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஹெச்.ஐ.வி. பாதித்தோர் கூட்டமைப்பும் 2006 மார்ச்சில் கொல்கத்தாவில் எதிர்ப்பு மனுக் கொடுத்தன. அந்த ஆண்டே விண்ணப்பித்த நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. குழந்தைகளுக்கான நெவிரபைன் சிரப்பிலோ, இரண்டு மருந்து மூலக்கூறுக்கு ஒரு நீர் மூலக்கூறு ஒட்டியிருந்ததே கோரலின் அடிப்படை. அந்த விண்ணப்பம் 2008இல் நிராகரிக்கப்பட்டது.

எல்லாவற்றிலும் பேர் பெற்றது கிளிவெக் வழக்கு. ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு 1998இல் சென்னையில் நோவார்டிஸ் விண்ணப்பித்திருந்தது. நிறுவனத்தின் மருந்துக்கு அப்போது மாதம் 1,20,000 ரூபாய் ஆனது. உள்நாட்டு மருந்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. புற்றுநோயாளர் உதவிச் சங்கம் உள்ளிட்டோரின் எதிர்ப்பை ஏற்று 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்ட் 6 அன்று தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம், மருந்தைப் பொறுத்தவரை பலன் என்றால் நோய் தீர்க்கும் பலனே என்று முடித்துவைத்தது. படிகம் நன்றாக வழிந்தோடுவதும் ஈரத்தை இழுக்காமல் இருப்பதும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

வெற்றி எப்போதும் விரைவாக வரவில்லை. ஹெபடைடிஸ்-சி நோய்க்கான பெகாசிஸ் ஊசிக்கு 2006இல் காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது. வழங்கிய பின் எதிர்க்க ‘எவரும்’ போதாது, அக்கறை உள்ளவர் என்று காட்ட வேண்டும். போதைப் பழக்கத்துக்கு உள்ளானோருடன் பணியாற்றும் மும்பையின் சங்கல்ப் அறக்கட்டளை 2007இல் மனுக் கொடுத்து, 2009இல் தோற்று, மேல்முறையீட்டு வாரியத்தில் 2012 நவம்பரில் வென்றது. நோயாளர் நலனுக்கான அமைப்பும் அக்கறை உள்ளவரே என்பதை வாரியம் ஏற்றதே அந்தத் தீர்ப்பில் ஊசியின் விலையைவிடப் பெரிய ஆதாயம்.

காசநோய்க்கான பெடாகுவிலின் மருந்தின் காப்புரிமையை நீட்டிக்கக்கூடிய ஒரு விண்ணப்பத்தை, நோயிலிருந்து மீண்ட இருவர் 2019இல் எதிர்த்தார்கள். ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். பழைய சிகிச்சையில் இருவரும் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் மும்பை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. மறு ஆண்டு மார்ச்சில் காப்புரிமை விதிகள் திருத்தப்பட்டன. கட்டணம் ஏதுமின்றிக் கொடுத்துவந்த முன் எதிர்ப்புக்கு இப்போது கட்டணம் உண்டு. மனு விசாரணைக்கு ஏற்றதா என்பதையும் அதிகாரி முதலில் தீர்மானிப்பார்.