திருடியவர் மட்டும் சிக்கினால் போதுமா?

மரக்காணம் உப்பளங்களில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அந்நேரத்தில் தொழிலாளர்கள் பலர் நம்பியிருப்பது இருசக்கர வாகனத்தைத்தான். அது களவு போனால் அன்றாடக் கூலியும் தடைபடும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் செய்திருப்பவருக்குத் திருட்டுக்கான இழப்பீடு கிடையாது. கடன் தவணை மட்டும் தொடரும்.

இக்கடற்கரையின் அமைப்பும் திருட்டுக் கும்பல்களுக்குச் சாதகமானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்னை. தெற்கே, தனிக் காவல் துறை கொண்ட புதுச்சேரி. புகார் எழுதி முடிப்பதற்குள் வாகனம் எல்லை கடந்து, உதிரி பாகங்களாகப் பிரிக்கப்பட்டுவிடக் கூடும். திருடுபவர், எண் பலகையை மாற்றுபவர், பிரிப்பவர், வாங்குபவர் என நீளும் இச்சங்கிலியைத் தனிநபர் திருட்டாகக் கருதுவது பொருந்தாது.

சட்டம் இதை உணர்ந்தே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவு, திருட்டுக்குப் பொதுவாக 3 ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. 111-ஆவது பிரிவோ, திட்டமிட்ட குற்றங்களின் பட்டியலில் வாகனத் திருட்டைப் பெயர் சொல்லியே சேர்த்துள்ளது. அதற்கான தண்டனை 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆயுள் வரை சிறை; அபராதம் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. ஆனால், முந்தைய 10 ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் தாக்கலாகி, அவற்றை நீதிமன்றம் ஏற்றிருந்தால்தான் அப்பிரிவு பொருந்தும்.

இந்த நிபந்தனையைத் தளர்த்தக் கூடாது. தளர்த்தினால், ஒருமுறை தவறிய இளைஞரையும் ஆயுள் தண்டனை அச்சுறுத்தும். தண்டனையை மேலும் உயர்த்துவதைவிட, இருக்கும் பிரிவுகளை முழுமையாகப் பயன்படுத்துவதே சட்டத்தை வலுப்படுத்தும் வழி என்று கருதுகிறேன்.

முதலாவதாக, குற்றப்பத்திரிகைகள் உரிய காலத்தில் தாக்கலாக வேண்டும். தமிழகம், புதுச்சேரி காவல் துறைகள் தத்தம் வழக்குகளை ஒப்பிட்டு, கும்பலின் தொடர்பை நிறுவ வேண்டும். முன்வழக்கு இல்லாத கும்பலுக்கு, 1 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை விதிக்கும் 112-ஆவது பிரிவு இருக்கிறது. இரண்டாவதாக, எல்லையைக் காரணம் காட்டிப் புகார்தாரரை அலைக்கழிக்கக் கூடாது. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கும் உரிமையை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு வழங்குகிறது.

மூன்றாவதே முதன்மையானது. திருட்டுப் பொருளை வழக்கமாக வாங்கி விற்பவருக்கு ஆயுள் அல்லது 10 ஆண்டுகள் வரை சிறை விதிக்க 317-ஆவது பிரிவு இடமளிக்கிறது. விசாரணை, வாகனத்தை ஓட்டிச் சென்றவரோடு நின்றுவிடாமல் பிரித்து விற்றவரையும் எட்ட வேண்டும். வாங்குவதற்கு ஆள் இருக்கும்வரை, திருடுவதற்கு ஆள் கிடைத்துக்கொண்டே இருப்பார்.